சங்கிலியில்லா மாவட்டம்

முத்துப்பேச்சியின் தம்பி சுருளியைச் சங்கிலியிலிருந்து விடுவிப்பதென்று அரசாங்கம் முடிவெடுத்த நாளில், சுருளி திராட்சைப் பந்தலுக்கு அடியில் நின்று பழம் அறுத்துக்கொண்டிருந்தான். அவன் காலில் சங்கிலி எதுவும் இல்லை. ரப்பர் செருப்புதான் இருந்தது.

கிராம நிர்வாக அலுவலர் வைகுண்டராஜ் மொபெட்டை வரப்பில் சாத்திவிட்டுப் பந்தலுக்குள் குனிந்து வந்தார். எந்த அதிகாரியும் யாருக்கும் குனிய மாட்டார். ஆனால் கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சைப் பந்தலுக்குள் நுழைந்தால் மட்டும் குனிந்துதான் ஆக வேண்டும். சுருளி நல்ல கொத்தாகப் பார்த்து ஒன்றை அறுத்து அவரிடம் நீட்டினான்.

"தம்பி, இங்கன சுருளின்னு ஒரு ஆளு சங்கிலியில கெடக்கானாம்ல. வீடு எது?" பழத்தை வாயில் போட்டுக்கொண்டே கேட்டார்.

"நான்தான் சார் சுருளி."

"வெளையாடாதப்பா. இன்னும் ரெண்டு ஊரு பாக்கணும். நான் கேக்குறது கிறுக்குப் பிடிச்ச சுருளி."

"அதுவும் நான்தான் சார். இப்பச் சரியாயிருச்சு."

வைகுண்டராஜ் கொட்டையைத் துப்பினார். சரியாகிவிட்டது என்ற சொல்லைக் கேட்டு ஒரு மனிதர் இவ்வளவு துக்கப்பட்டதை, பக்கத்தில் பெட்டிக்குப் பேப்பர் விரித்துக்கொண்டிருந்த முத்துப்பேச்சி அதற்கு முன் பார்த்ததில்லை.

விஷயம் இதுதான். அந்த வருஷம் ஆடி மாதத்தில், கிழக்கே கடலோரத்து ஊர் ஒன்றில் மனநோயாளிகளைக் கட்டிப்போட்டிருந்த கொட்டகை தீப்பிடித்தது. ஓடத் தெரியாதவர்கள் இல்லை அவர்கள். கால்தான் சங்கிலியில் இருந்தது. உயிரோடு கட்டுண்டு கிடந்த காலமெல்லாம் எந்த ஆபீசின் கண்ணிலும் படாத அந்தச் சங்கிலிகள், ஆட்கள் வெந்துபோன பிறகு எல்லா ஆபீசுகளின் கண்ணிலும் பட்டன. உடனே ஒரு குழு போட்டார்கள். 'சங்கிலியில்லா மாவட்டம், மறுமலர்ச்சித் திட்டம்' என்று அதற்குப் பெயரும் வைத்தார்கள். தாலுகாவுக்கு ஒருவரையாவது பிடித்து, மன்னிக்கவும், கண்டுபிடித்து, மேடையில் வைத்து விடுதலை செய்ய வேண்டும் என்று உத்தரவு வந்தது. காமயகவுண்டன்பட்டியைத் தாண்டி ஒரு மூலையில் கிடக்கும் கருக்கோடையில் ஒருத்தன் சங்கிலியில் கிடக்கிறான் என்று யாரோ சொல்ல, அதை யாரோ எழுத, பெயர் மேலே போய்விட்டது.

சொன்னது பொய்யில்லை. பழைய கதை, அவ்வளவுதான்.

சுருளிக்குப் பத்தொன்பது வயதில் அது வந்தது. மருந்தடித்துக்கொண்டிருந்தவன் ஒருநாள் விசைத்தெளிப்பானை இறக்கிவைத்துவிட்டு, பந்தலுக்குள் வரமாட்டேன் என்றான். இலையெல்லாம் தன்னைப் பற்றியே பேசுகிறது என்றான். அவனுக்கு என்ன வந்திருக்கிறது என்று தெரியாதவள் ஊரில் முத்துப்பேச்சி ஒருத்திதான். மற்ற எல்லாருக்கும் தெரிந்திருந்தது. உடுக்கடித்துக் குறி சொல்லும் கோடாங்கி சின்னக்கருப்பு, கிணற்றில் விழுந்து செத்த பெண் ஒருத்தி பிடித்திருக்கிறாள் என்று ஜக்கம்மா சொன்னதாகச் சொன்னார். சாதகம் பார்த்தவர் சனி என்றார். சொந்தக்காரர்கள் ஒரு கால்கட்டைப் போட்டால் சரியாகிவிடும் என்றார்கள். அவர்களில் யாரும் பெண் கொடுக்க மட்டும் முன்வரவில்லை. போடியில் ஜெபக்கூட்டம் நடத்திய ஜேசுராஜ் ஐயா விசுவாசம் பத்தவில்லை என்றார். பூச்சிமருந்துக் கடைக்காரர் மருந்து தலைக்கு ஏறிவிட்டது என்றார். கம்பவுண்டர் எதுவும் சொல்லவில்லை, சத்து ஊசி போட்டார். இத்தனை பேரும் ஒரு விஷயத்தில் மட்டும் ஒத்துப்போனார்கள்: சுருளியிடம் எதையும் கேட்க வேண்டியதில்லை.

பெரியாற்றில் வெள்ளம் வந்த நாளில் அவன் ஆற்றுக்குள் இறங்கி நடந்தான். மணல் அள்ளிக்கொண்டிருந்தவர்கள் முடியைப் பிடித்து இழுத்துப் போட்டார்கள். அம்மா, அப்பா இல்லை. கட்டிக்கொடுத்த இடத்தில் வாழமுடியாமல் திரும்பி வந்தவள் முத்துப்பேச்சி. கூலிக்குப் போனால்தான் கஞ்சி. அவனைக் கூடவே இருந்து காக்க ஆளில்லை. பந்தல் பிரித்த பிறகு வாசலுக்கு எதிரே எஞ்சி நின்ற கல்லுக்காலில், அவளே தன் கையால் அவனைச் சங்கிலி போட்டுக் கட்டினாள். கட்டும்போது அவன், "இறுக்காதக்கா" என்றான்.

கடைசியில் மதுரைப் பெரியாஸ்பத்திரிக்கு அவனைக் கொண்டுபோனாள். அங்கே ஒரு டாக்டரம்மா பேய் என்றும் சொல்லவில்லை, சனி என்றும் சொல்லவில்லை. "தூங்குறியாப்பா? காதுல என்ன கேக்குது?" என்று அவனிடமே கேட்டார். மாத்திரை எழுதினார். எடுத்தவுடன் ஒன்றும் நடந்துவிடவில்லை. கை நடுங்கியது, எச்சில் வடிந்தது, நாளெல்லாம் தூங்கினான். பிறகு ஒருநாள் தானாகவே எழுந்துபோய்ப் பழம் அறுக்கக் கத்தரி கேட்டான். முத்துப்பேச்சி சங்கிலியைக் கழற்றிப் பக்கத்து வீட்டு ஒச்சாண்டி மாமாவிடம் கொடுத்தாள். அவர் அதைத் தன் பசுமாட்டுக்குப் போட்டார்.

ஒரே ஒரு பாடுதான் மிச்சம். மாதாமாதம் மதுரைக்குப் போய் மாத்திரை வாங்க வேண்டும். விடிவதற்குள் பஸ் ஏறினால், வரிசையில் நின்று கால் வீங்கி, இருட்டின பிறகு வீடு வந்து சேருவாள். சில மாதம் "ஸ்டாக் இல்ல, அடுத்த வாரம் வா" என்று சன்னலை மூடுவார்கள்.

இந்தப் பாட்டைத்தான் வைகுண்டராஜ் பிடித்துக்கொண்டார்.

"பேரு மேல போயிருச்சு ஆத்தா. இனி அழிக்க முடியாது. ஒரு நாளு, ஒரே ஒரு நாளு சங்கிலியைப் போட்டு வையி. பெரிய மனுசரு வந்து அவுத்துவிட்டுப் போயிருவாக."

"அவனுக்குத்தான் சங்கிலியே இல்லையே சார்."

"அதத்தான நானும் சொல்றேன். சங்கிலி இல்லாதவனை எப்படி விடுதலை பண்ண?"

முத்துப்பேச்சி யோசித்துப் பார்த்தாள்.

"நெசமாவே கட்டிக் கெடக்கிற ஆளு வேற யாரும் இல்லையா சார்?"

"இல்லாம என்ன. தேவாரம் பக்கம் ஒருத்தரு இருக்காரு. பெரிய வீடு, பின்கட்டுல போட்டு வச்சிருக்காக. மானம் மரியாதையுள்ள குடும்பம். அவுககிட்டப் போயி இதையெல்லாம் கேக்க முடியுமா?" என்றவர் குரலைத் தணித்தார். "விடுதலையான ஆளுக்கு மாசாமாசம் கம்பத்துலயே மாத்திரை தாராக. ஆயுசுக்கும். இனி நீ மதுரைப் பக்கம் தலைவச்சுப் படுக்க வேணாம்."

முத்துப்பேச்சி தம்பியைப் பார்த்தாள். சுருளி கத்தரியைத் துடைத்து இடுப்பில் செருகினான். "ஒரு நாளுதானக்கா," என்றான்.

இப்படியாக, மறுமலர்ச்சித் திட்டத்தில் முதலில் விடுதலை பெற்றது ஒச்சாண்டியின் பசுமாடு. அது அன்று மாலையே அடுத்தவர் நெல்வயலில் இறங்கித் தன் சுதந்திரத்தைக் கொண்டாடியது.

"மாட்டை அவுத்துட்டு மனுசனைக் கட்டச் சொல்லுதாக்கும் கவுருமெண்டு," என்றார் ஒச்சாண்டி. "வெளங்கிரும் மருமகளே, வெளங்கிரும்."

குழு ஆய்வுக்கு வந்தது. தாசில்தாரும், திட்டத்துக்கென்று புதிதாகப் போட்டிருந்த மனநல டாக்டரும், போட்டோ எடுப்பவரும் ஒரே ஜீப்பில் வந்து இறங்கினார்கள். தாசில்தார் சங்கிலியைப் பேனாவால் தூக்கிப் பார்த்து, "துரு நல்லா இருக்கு," என்றார். ஆனால் பூட்டு இல்லை. மாட்டுச் சங்கிலிக்குக் கொக்கிதானே இருக்கும். கொக்கியைக் கழற்றுவது விழாவுக்கு எடுப்பாக இருக்காது என்று கம்பத்துக்கு ஆள் விட்டுப் புதுப் பூட்டு வாங்கிவரச் செய்தார்கள்.

டாக்டர் சுருளியைப் பரிசோதித்தார். பெயர் கேட்டார், சொன்னான். கிழமை கேட்டார், சொன்னான். "யாராவது உன்னைக் கெடுக்கப் பாக்குறாங்கன்னு தோணுதா?" என்று கேட்டார்.

சுருளி தன் காலில் கிடந்த சங்கிலியைப் பார்த்தான், சுற்றி நின்றவர்களைப் பார்த்தான். "இல்ல சார்," என்றான் மரியாதையாக.

டாக்டருக்கு முகம் வாடிவிட்டது. தாசில்தாரிடம் திரும்பினார். "இவ்வளவு தெளிவான பேஷண்ட்டை மேடையில ஏத்தினா ஜனங்களுக்குத் தப்பான மெசேஜ் போகும் சார். மனநோய்னா என்னன்னு அவங்களுக்குப் புரியணும்ல. விழிப்புணர்வுதானே நம்ம நோக்கம்?"

"அவனைக் கொஞ்சம் சோர்வா இருக்கச் சொல்லும்மா," என்றார் தாசில்தார் முத்துப்பேச்சியிடம். பிறகு கூடியிருந்த சனத்தைப் பார்த்துத் தொண்டையைச் செருமினார். "பொதுமக்களே, இதுநாள்வரைக்கும் இவர்களை நாம் ஆடுமாடுகளாக நடத்தினோம். இவர்களும் மனிதர்கள். இவர்களுக்கும் உணர்ச்சி உண்டு. இவர்களைக் கேட்காமல் இவர்களைப் பற்றி முடிவெடுக்கும் உரிமை யாருக்கும் கிடையாது." கைதட்டல் ஓய்ந்ததும் தலையாரியிடம் குனிந்து, "அந்தக் காலை இழுத்து முன்னால வையிப்பா, படத்துல விழ மாட்டேங்குது," என்றார்.

பூட்டைப் பூட்டினார்கள். இடையில் யாரும் திறந்து விடுதலையைக் கெடுத்துவிடக்கூடாது என்று துணி சுற்றி, அரக்கு உருக்கி ஊற்றி, முத்திரை வைத்தார்கள். சாவி தாசில்தாரின் சட்டைப் பைக்குள் போனது. முத்திரையை உடைத்தால் ஜெயில் என்று வைகுண்டராஜ் சொன்னார். மதுரை டாக்டரம்மா எழுதிய மருந்துச் சீட்டையும் கோப்பில் வைக்க வேண்டும் என்று வாங்கிக்கொண்டார்கள். வெள்ளிக்கிழமை விழா.

வெள்ளிக்கிழமைக்கு முன்னால் உள்ளாட்சித் தேர்தல் வந்துவிட்டது.

"நடத்தை விதி அமல்ல இருக்கு ஆத்தா," என்றார் வைகுண்டராஜ். "இப்பப் போயி ஒருத்தனை அவுத்துவிட்டா, ஓட்டுக்காகச் சலுகை குடுத்ததா ஆயிரும். கட்டியே வச்சிருந்தா எந்தக் கட்சிக்கும் ஆட்சேபம் இல்லை."

தேர்தல் முடிந்தது, ஐப்பசி மழை பிடித்தது. அரக்கு நனையாமலிருக்கப் பூட்டுக்குப் பாலித்தீன் பை கட்டும்படி தாலுகாவிலிருந்து ஆள் வந்து சொன்னார். சுருளிக்கு என்ன கட்டுவது என்று அவர் சொல்லவில்லை. முத்துப்பேச்சி தோட்டத்திலிருந்து பழைய தார்ப்பாயை இரவல் வாங்கிவந்து கல்லுக்காலோடு சேர்த்துக் கட்டினாள். சங்கிலியின் நீளத்துக்கு வீட்டு வாசற்படி எட்டவில்லை. ஒரு முழம் குறைந்தது. அவள் சோற்றுத் தட்டோடு வெளியே வந்து அவனோடு உட்கார்ந்து சாப்பிட்டாள்.

மழை விட்டதும் கார்த்திகை பிறந்தது. கம்பம் ரோடெங்கும் சபரிமலைக்குப் போகிற வேன்கள். போலீசெல்லாம் அங்கே காவலுக்குப் போய்விட்டது. விழாவுக்குப் பாதுகாப்பு இல்லை. போதாததற்குச் சிறப்பு விருந்தினரும் மாலை போட்டிருந்தார். விரதத்தில் இந்த மாதிரிப் பூட்டையெல்லாம் தொடலாமா என்று அவருக்கு ஒரு சந்தேகம். பெரியவர்களைக் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார்.

இதற்குள் மாத்திரை தீர்ந்து போயிருந்தது.

மதுரையில் சன்னலுக்குப் பின்னாலிருந்தவர், "உங்க தம்பி பேரை உங்க மாவட்டத்துக்கே மாத்தியாச்சும்மா. இனி அங்கதான்," என்றார். அந்த டாக்டரம்மா அன்றைக்கு லீவு. கம்பத்து மருந்துக் கடையில் சீட்டில்லாமல் அந்த மாத்திரையைத் தர முடியாது என்றுவிட்டார்கள். அவள் தேனிக்குப் போனாள். திட்டத்துக்கென்று ஒதுக்கிய அறையில் சுவரெல்லாம் படம். ஒரு படத்தில் சுருளியின் கால் மட்டும் இருந்தது. அவள் அந்தக் காலை உடனே அடையாளம் கண்டுகொண்டாள்.

ஆய்வுக்கு வந்த அதே டாக்டர்தான் இருந்தார். அன்பாகத்தான் பேசினார். "மாத்திரை வந்து இறங்கியிருக்கும்மா. பீரோ நிறைய இருக்கு. ஆனா இது விடுதலையானவங்களுக்கான மாத்திரை. உன் தம்பி இன்னும் விடுதலை ஆகலையே."

"அப்ப விடுதலை பண்ணிருங்க சார்."

"விருந்தினர் வரணும்ல."

"அதுவரைக்கும் என்ன சார் செய்ய? அவன் தூங்கி நாளாச்சு."

"நல்லாப் பாத்துக்கோம்மா. அன்பும் அரவணைப்பும்தான் முதல் மருந்து. நம்ம துண்டுச்சீட்டுலயே போட்டிருக்கோம்," என்று ஒரு துண்டுச்சீட்டை எடுத்துக் கொடுத்தார்.

ஒரே ஒரு அட்டை மாத்திரை தாருங்கள் என்று அவள் கேட்டாள். காலில் விழுந்தாள். ஒருவருக்குக் கொடுத்தால் எல்லாரும் கேட்பார்கள் என்றார். வெளியே வந்து பார்த்தால், கேட்பதற்கு வேறு யாருமே இல்லை. பெஞ்சு காலியாகக் கிடந்தது.

சுருளிக்கு முதலில் தூக்கம் போயிருந்தது. அடுத்துப் பேச்சு போனது. பிறகு பேச்சு வந்தது. ஆனால் அவளிடம் இல்லை. தார்ப்பாயின் மடிப்புகளோடு பேசினான். அவள் சோறு பிசைந்து நீட்டினால் முகர்ந்து பார்த்துவிட்டுத் தட்டைத் தள்ளினான். அவள் முன்னால் ஒரு வாய் சாப்பிட்டுக் காட்டினால் சில நாள் தின்றான். சில நாள் அவளையே முகர்ந்து பார்த்தான். சங்கிலி உரசிக் கணுக்கால் புண்ணாகிவிட்டது. மஞ்சளை அரைத்துப் போட்டாள். இவனை இந்தக் கல்லிலிருந்து ஒருதடவை எழுப்பிக் கொண்டுபோனவள் அவள். பெற்றவள் ஒரு பிள்ளையை ஒருமுறைதான் பெற வேண்டும். முத்துப்பேச்சியோ தான் பெறாத பிள்ளையை இரண்டாவது முறையாக இழந்துகொண்டிருந்தாள்.

மார்கழியில் குழு மறுபடி வந்தது. தாசில்தார் ஜீப்பிலிருந்து இறங்கியதுமே நின்றுவிட்டார். அழுக்கு வேட்டியும் சடைபிடித்த தலையுமாகச் சுருளி கல்லைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தான்.

"ஆகா," என்றார். "இப்பத்தான் பாக்குறதுக்குச் சரியா இருக்கு. அன்னைக்கு நான் பயந்தே போயிட்டேன்."

போட்டோக்காரர் நிறையப் படம் எடுத்தார். டாக்டர் மட்டும் தூரத்தில் நின்றே தலையை ஆட்டினார். "இந்த நிலைமையில மேடையில ஏத்த முடியாது சார். விருந்தினர் பாதுகாப்பு முக்கியம்." பிறகு, "இவ்வளவு மோசமா விட்டிருக்கக் கூடாதும்மா," என்று முத்துப்பேச்சியைக் கடிந்துகொண்டார். "ஜனங்க இப்படி அலட்சியமா இருக்கிறதாலதான் நாங்க இத்தனை பாடுபட வேண்டியிருக்கு."

அன்றைக்குச் சரியாக இருந்தது அவர்களுக்கு ஆகவில்லை; இன்றைக்குச் சரியில்லாததும் ஆகவில்லை. நடுவில் ஒரு நாள் இருந்திருக்கும்போல. அந்த நாளில் இவர்களில் ஒருவரும் வரவில்லை.

தை மாதம் தேனியில் ஒரு கல்யாண மண்டபத்தில் விழா நடந்தது. முத்துப்பேச்சிக்குச் சொல்லவில்லை. கல்லூரி நாடகக் குழுவிலிருந்து ஒரு மாணவனை அழைத்துவந்து, தெர்மாகோலில் செய்து வெள்ளித்தாள் சுற்றிய சங்கிலியை மாட்டிவிட்டிருந்தார்கள். அவன் உடம்பை முறுக்கிக் கண்ணை உருட்டினானாம். முன்வரிசையில் இரண்டு பெண்கள் அழுதுவிட்டார்களாம். விருந்தினர் சங்கிலியை ஒரே இழுப்பில் அறுத்தார். அவரது பலத்தைப் பாராட்டிப் பொன்னாடை போர்த்தினார்கள். மாவட்டம் சங்கிலியில்லா மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. தாசில்தாருக்குக் கேடயமும், பிறகு பதவி உயர்வோடு வேறு மாவட்டத்துக்கு மாறுதலும் கிடைத்தன. சட்டைப் பையும் அவரோடு போய்விட்டது.

இதையெல்லாம் வைகுண்டராஜ்தான் வந்து சொன்னார். மொபெட்டை அணைக்காமலே ஓரமாக நின்றார். சுருளி இருந்த பக்கம் அவர் பார்க்கவில்லை.

"சாவி சார்?" என்றாள் முத்துப்பேச்சி.

"எந்தச் சாவி?"

"இந்தப் பூட்டுச் சாவி."

"எப்படி ஆத்தா கேக்குறது? இந்த மாவட்டத்துல சங்கிலியே கெடையாதுன்னு அறிவிச்சாச்சு. இல்லாத சங்கிலிக்கு நான் சாவி கேட்டு எழுதுனா, என்னைய என்னண்டு நினைப்பாக?"

"மாத்திரை?"

"விடுதலையானவுக கணக்குல அந்தக் காலேசுப் பய பேருதான் இருக்கு."

முத்துப்பேச்சி திட்டியிருந்தால் அவருக்கு வசதியாக இருந்திருக்கும். "நீயே ஒடச்சுரு," என்றார் மெதுவாக. "நான் பாக்கல." மொபெட்டைத் திருப்பிக்கொண்டு போனார். அந்த மொத்த அரசாங்கத்திலும் கொஞ்சம் வெட்கப்பட்டவர் அவர் ஒருத்தர்தான். அதனால் ஆன பிரயோசனம் இவ்வளவுதான்.

ஒச்சாண்டி கடப்பாரை கொண்டுவந்தார். "தள்ளு மருமகளே," என்றார். அவள் விலகாமல் கடப்பாரையை வாங்கிக்கொண்டாள். அவளே போட்டாள். நாலைந்து போடு போட்டதும் அரக்கு பொடிப்பொடியாய் உதிர்ந்தது. பிறகு பூட்டு வாயைப் பிளந்தது. சங்கிலியைப் புண்ணில் படாமல் எடுத்து அப்பால் வைத்தாள்.

"எந்திரிடா தம்பி."

சுருளி எழுந்திருக்கவில்லை. உடைந்த பூட்டையே பார்த்தான். பிறகு ரோட்டைப் பார்த்தான்.

"அவுக வந்துட்டாகளா?" என்றான். எத்தனையோ நாளைக்குப் பிறகு அவளைப் பார்த்துப் பேசிய பேச்சு அது.

"ஆரும் வரல. வரவும் மாட்டாக. எந்திரி, மதுரைக்குப் போவோம். அந்த டாக்டரம்மாவப் பாத்துட்டுத்தான் திரும்பணும்."

"நான் வந்தா இங்கன ஆரு இருப்பா?"

"இங்கன ஆருக்குடா இருக்கணும்?"

"ஏன்க்கா ஒடச்ச?" அவன் சங்கிலியை எட்டி இழுத்தான். "அவுக வந்து பாக்கையில நான் கட்டிக் கெடக்கலைண்டா, கம்பத்துல மாத்திரை தர மாட்டாகக்கா. பெறகு நீதான் மதுரைக்கு அலையணும். அந்த வரிசையில காலு வீங்கி நிக்கணும்."

உள்ளே இருந்ததெல்லாம் கலைந்து போயிருந்த அந்தத் தலையில், இது ஒன்று மட்டும் இத்தனை மாதமும் கலையாமல் இருந்திருக்கிறது.

அவன் சங்கிலியைப் புண்ணின் மேலேயே சுற்றிக்கொண்டான். பிளந்த பூட்டின் இரண்டு பக்கத்தையும் சேர்த்து, பூட்டியிருப்பதுபோல் கைக்குள் பொத்திப் பிடித்தான். முத்துப்பேச்சி அந்த விரல்களைப் பிரிக்கப் பார்த்தாள். பிடி இறுகியது. "விடுடா," என்றாள், "விடுடா என் சாமி." ஒச்சாண்டி முகத்தைத் திருப்பிக்கொண்டு கடப்பாரையை எடுத்துப் போய்விட்டார்.

ரோட்டில் ஏதோ வண்டி வருகிற சத்தம் கேட்டது. சுருளி அவசரமாக நிமிர்ந்து உட்கார்ந்து, மற்றக் கையால் சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டான். கேரளாவுக்குப் பழம் ஏற்றிப்போகிற லாரி அது. நிற்காமல் போனது. புழுதி அடங்கிய பிறகும் அவன் அப்படியே ரோட்டைப் பார்த்து உட்கார்ந்திருந்தான்.

"தலையைச் சீவி விடுக்கா," என்றான். "வந்துருவாக."

அவள் வீட்டுக்குள் போய்ச் சீப்பை எடுத்துவந்து, சிக்கெடுத்து, வகிடு பிரித்துச் சீவிவிட்டாள்.